திரையில் நின்ற உடம்பு

மோனிஷா அன்று காலை மிகுந்த உற்சாகத்தோடுதான் வீட்டைவிட்டுக் கிளம்பினாள். பிறகு நினைத்துப் பார்த்தபோது அவளை அதிகம் கூச வைத்தது அந்த உற்சாகம்தான்.

“ஏனுங்க, இன்னிக்கு பையர் வீடியோ கால்ல நானே பேசட்டுங்களா?”

“பேசேன். பொம்மைக்காரி பேசாம வேற ஆரு பேசறது?” காரைக் கிளப்பியபடி அருண்குமார் சிரித்தான்.

பொம்மைக்காரி என்பது முதலிபாளையத்தில் இருக்கும் மாமனாரின் பனியன் கம்பெனியில் அவளுக்கு விழுந்த பெயர். மற்றவர்கள் துணியை வெட்டித் தைக்கிறார்கள். அவளோ கம்ப்யூட்டரில் ஓர் ஆளைச் செய்து நிறுத்துகிறாள். முன் பீஸ், பின் பீஸ், இரண்டு கைகள் என்று தட்டைத் துண்டுகளை அந்த ஆளைச் சுற்றிப் பலகை போல நிற்க வைக்கிறாள். எந்த ஓரம் எந்த ஓரத்தோடு சேர வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டிவிட்டு ஒரு பட்டனை அழுத்துவாள். பலகைகள் துணியாகத் தளர்ந்து, உடம்பை நோக்கி நகர்ந்து, தோளில் விழுந்து, வளைவுகளில் படிந்து சட்டையாகிவிடும். இறுக்கமான இடம் சிவப்பாகத் தெரியும். தொளதொளவென்று இருக்கிற இடம் நீலமாகத் தெரியும். ஒரு முழம் துணி வெட்டாமலே சட்டை பொருந்துமா பொருந்தாதா என்று சொல்லிவிடலாம்.

“பொம்மைக்குச் சட்டை போட்டு விளையாடறதுக்கு ஏசி ரூம் வேறயாக்கும்” என்று முதலில் கிண்டல் செய்தவன் சசிகுமார். ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சன்டைசர். அருண்குமாரின் ஒரே அக்கா கோகிலவாணிக்குக் கொழுந்தன். அந்த உரிமையில் பேசுவான். தையல்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். மாமனார் திருமூர்த்தி கண்டிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்தே இப்படித்தான். ஒரு நாளாவது இவர்கள் முன்னால் தன் வேலை என்னவென்று காட்டிவிட வேண்டும் என்று மோனிஷாவின் மனதில் ஒரு வெறி இருந்தது.

போன மாதம் நடந்ததைச் சொல்லாமல் இந்த நாளைச் சொல்ல முடியாது. புகுந்த ஊரான ஊத்துக்குளியிலிருந்து பிறந்த வீட்டுக்கு வந்திருந்த கோகிலா, அறைக் கதவைத் தாழிட்டுவிட்டுத் தம்பி மனைவி முன்னால் நின்றாள்.

“உள்ள வெக்கற பேடு, வெயில்ல வேர்த்து வேர்த்து அரிக்குது கண்ணு. அது இல்லாமப் போட்டுக்கற மாதிரி ஒரு சுடிதார் டாப்ஸு பண்ணிக் குடு. ஆனா, இது உன்ற கண்ணோட நின்னுரோணும்.”

“சத்தியமா நங்கையா.” புருஷனின் அக்காவை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கோகிலாவின் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். விஷயம் அவள் கணவனுக்கும் பிறந்த வீட்டுக்கும் மட்டும் தெரியும். மாமியார் ரங்காத்தாளிடம் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். மருந்தில் முடி கொட்ட ஆரம்பித்ததும் பழநிக்கு வேண்டுதல் என்று சொல்லி மொட்டை போட்டுக்கொண்டாள். அக்காவுக்குத் துணையாக அருண்குமாரும் போட்டுக்கொண்டான். ‘என்ற மருமகளுக்கு இருக்கற பக்தி ஆருக்கு வரும்’ என்று ரங்காத்தாள் தெரு முழுக்கச் சொல்லி மாய்ந்தாள். கோகிலாவுக்கு ஒரே பெண், பிளஸ் டூ படிக்கிறாள். நாளைக்கு வரன் பார்க்கும்போது தாயின் நோய் மகள் தலையில் வந்து விடியக்கூடாது என்பதுதான் அவள் பயம் எல்லாம்.

மோனிஷா அளவெடுத்தாள். அந்த அளவில் கம்ப்யூட்டரில் ஓர் உடம்பைச் செய்தாள். இடது பக்கம் தட்டையாகி, லேசாகக் குழிந்து, அந்தத் தோள் மட்டும் சற்றே உயர்ந்த உடம்பு. எந்தச் சட்டையைப் போட்டாலும் இடது பக்கத்தில் துணி பிடிமானம் இல்லாமல் சரிந்து கழுத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போயிற்று. எத்தனையோ முறை பிரித்துப் பிரித்துப் போட்டபின், முன் பீஸை வலது தோளிலிருந்து இடது இடுப்புக்குச் சரிவாக இரண்டாக வெட்டி, இடது தோளில் சின்னச் சுருக்கங்கள் வைத்தாள். துணி அடங்கிப் படிந்தது. மாதிரி ஒன்றைத் தைத்தும் வாங்கிவிட்டாள். இன்று சாயங்காலம் ஊத்துக்குளிக்குப் போய்க் கொடுப்பதாக இருந்தது. பை காரின் பின்சீட்டில் கிடந்தது.

ஓயாமல் அந்த உடம்பைத் திறக்க வேண்டியிருந்ததால், எந்த வேலையைத் திறந்தாலும் முதலில் அதுவே வந்து நிற்கும்படி வைத்திருந்தாள். வேலை முடிந்ததும் பழையபடி மாற்ற மறந்துபோனாள்.

* * *

மீட்டிங் ஹாலில் பெரிய டிவி. அதில் டென்மார்க்கிலிருந்து, அவர்களிடம் துணி வாங்கும் பையர் ஆன்னிகா. இந்தப் பக்கம் திருமூர்த்தி, சசிகுமார், மோனிஷா. அருண்குமார் துணிக்குச் சாயம் போடும் டையிங்குக்குப் போயிருந்தான்.

ஆன்னிகா கேட்டிருந்த வட்டக்கழுத்து டீ-ஷர்ட்டை மோனிஷா திறந்தாள். பலகைகள் நகர்ந்தன. துணி விழுந்தது. வலது பக்கம் ஒழுங்காகப் படிந்த டீ-ஷர்ட் இடது பக்கத்தில் சோர்ந்து மடிந்தது. கழுத்து கோணலாக இழுபட்டது.

“மேடம், உங்க பொம்மைக்கு என்னமோ ஆயிருச்சாட்ட இருக்குது” என்று சசிகுமார் அடிக்குரலில் சொன்னான்.

அது யாருடைய உடம்பு என்று திருமூர்த்திக்குப் புரிந்துவிட்டது. அவர் முகம் கறுத்தது. “மாத்து கண்ணு” என்றார், உதடு அசையாமல்.

மோனிஷாவின் கை மவுஸுக்குப் போனது. அதற்குள் ஆன்னிகா குரல் கொடுத்தாள். ஆங்கிலத்தில், நிதானமாக. “தயவுசெய்து மாற்றாதீர்கள். இப்படி ஓர் உடம்பை எனக்கு இதுவரை எந்தக் கம்பெனியும் காட்டியதில்லை. இதற்கென்று ஏதாவது செய்திருக்கிறீர்களா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தவறுதலாக வந்துவிட்டது, மன்னியுங்கள் என்று மூடியிருக்கலாம். மோனிஷா கோகிலாவின் டாப்ஸைத் திறந்தாள்.

துணி வந்து படிந்தது. கழுத்து நேராக நின்றது. சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. மோனிஷா உடம்பை மெல்லச் சுற்றிக் காட்டினாள்.

“அற்புதம்!” ஆன்னிகா மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். “யார் செய்தது?”

“நான்தான்.”

“எப்படி இவ்வளவு சரியாக வந்தது? இது நிஜமான ஒருவருடைய அளவா?”

சசிகுமார் அவளை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தான். பொம்மைக்காரியை இத்தனை மரியாதையாக அவன் பார்ப்பது அதுதான் முதல் முறை. மோனிஷாவுக்குக் காது சூடாயிற்று.

“ஆமாம், என் கணவருடைய அக்கா” என்றாள், நல்ல ஆங்கிலத்தில், புன்னகையோடு. “கேன்சரிலிருந்து மீண்டு வந்தவர்.”

சசிகுமாரின் விரல்களில் சுழன்றுகொண்டிருந்த பேனா நின்றது.

அருண்குமாருக்கு ஒரே அக்கா. அந்த அக்கா காலையில் கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பை சசிகுமாரின் நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“இதைத் தனி வரிசையாகவே நாம் செய்யலாம்” என்று ஆன்னிகா பேசிக்கொண்டே போனாள். “சாயங்காலத்துக்குள் ஃபைலை அனுப்பிவையுங்கள். அந்த அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவருடைய சம்மதத்தோடுதானே காட்டுகிறீர்கள்?”

“ஆமாம்” என்றாள் மோனிஷா. தன் குரல் எங்கிருந்தோ வருவதுபோல அவளுக்குக் கேட்டது.

* * *

டிவி அணைந்ததும் சசிகுமார் எழுந்து போய்விட்டான். சாப்பாட்டுப் பை நாற்காலியிலேயே தொங்கியது.

“மாமா…” மோனிஷா நாற்காலியை விட்டு எழுந்தாள். “தெரியாமச் சொல்லிட்டேனுங்க.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. திருமூர்த்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே தையல் பகுதியில் பாதி மிஷின்கள் இந்த சீசன் முழுக்க மூடியே கிடந்தன.

“அந்தம்மாளுக்குப் புடிச்சுப் போச்சு கண்ணு. புதுசா ஒரு லைனே தாரேங்கறா. நீ அந்த ஃபைலை அனுப்பிச்சுரு.”

“நங்கையாகிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படீங்க மாமா?”

“அதை நான் மெதுவாப் பேசிக்கறேன்.” சொல்லும்போது அவர் மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. மகளின் உடம்பை விலை பேசுகிறோம் என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

மோனிஷா சசிகுமாரைத் தேடிச் சாம்பிள் ரூமுக்கு ஓடினாள். அங்கே தையல் பார்க்கும் உசிலம்பட்டி ஒச்சம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“சசி தம்பியா? வண்டிய எடுத்துக்கிட்டு ஊருக்குப் போறேன்டு போயிருச்சே தாயி. மொகமே சரியில்ல. என்னான்டு கேட்டேன், ஒண்ணுமில்லக்கான்டுச்சு.” பிறகு மோனிஷாவை ஏற இறங்கப் பார்த்தாள். “ஒம் மொகமும் சரியில்லயே. ரெண்டு பேரும் சண்டை கிண்டை போட்டீகளா?”

மோனிஷா செல்போனில் அருண்குமாரைக் கூப்பிட்டாள். “ஏனுங்க, ஒடனே வாங்க. ஊத்துக்குளிக்குப் போகோணும்.”

* * *

பாதி வழி வரைக்கும் அவளுக்குச் சொல்ல வரவில்லை. சொல்லி முடித்ததும் அருண்குமார் காரை ஓரமாக நிறுத்தினான். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

“நான் மொட்டை போட்டேன் மோனி” என்றான். “எனக்குப் பொண்ணு பாக்கற நேரம் அது. உங்க ஊட்டுக்கு வந்தப்பக்கூட முடி முழுசா வளரலை. ‘மாப்பிள்ளைக்கு இந்த வயசுலயே முடி கொட்டுதாட்ட இருக்குது’ன்னு உங்க அம்மா வழி அப்புச்சி எல்லார்த்து முன்னாடியும் கேட்டாரு. ஞாபகம் இருக்குதா?”

“இருக்குதுங்க.”

“அப்பவும் வாயைத் தொறக்கலை. பொண்ணு கெடைக்காட்டிப் போகுதுன்னு உக்காந்திருந்தேன்.”

மோனிஷா மடியைப் பார்த்தாள். “திட்டீருங்க.”

“திட்டி என்ன பண்றது?” அவன் மறுபடி காரை எடுத்தான். “சசி கெட்டவன் இல்லை. ஆனா அவனுக்கு அவங்கம்மாகிட்ட எதையும் மறைக்கத் தெரியாது. அவன் சொல்றதுக்கு முந்தி நாம அக்காகிட்டச் சொல்லீரோணும். நாமன்னா என்ன, நீதான் சொல்லோணும்.”

* * *

ஊத்துக்குளி வீட்டு வாசலில் சசிகுமாரின் வண்டி நின்றது. பின்கட்டிலிருந்து நெய் காய்ச்சும் வாசனை வந்தது. அருண்குமார் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“வா கண்ணு! சாயங்காலந்தான் வருவீங்கன்னு நெனச்சேன்.” கோகிலா அவள் கையிலிருந்த பையைப் பறிக்காத குறையாக வாங்கினாள். “ஆயிருச்சா? ஆயிருச்சா?”

“நங்கையா, அதுக்கு முந்தி ஒரு விசயம்…”

“எல்லாம் அப்பறம். இரு, போட்டுட்டு வாரேன்.”

மோனிஷா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். உடை மாற்றும் தடுப்புக்குப் பின்னாலிருந்து கோகிலாவின் குரல் வந்துகொண்டே இருந்தது. துணி மெத்தென்று இருக்கிறதாம். தையல் உறுத்தவில்லையாம். பிறகு அவள் வெளியே வந்து அலமாரிக் கண்ணாடி முன் நின்றாள். பேடு இல்லை. துணி இடது பக்கத்தில் சரியவில்லை, கழுத்து இழுபடவில்லை. இந்தப் பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் திரும்பினாள்.

“அட!” என்றாள். “மூணு வருசமா இந்தக் கண்ணாடில தலையை மட்டுந்தான் பாத்துட்டிருந்தேன் மோனி.”

மோனிஷாவுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போய்விடலாம் என்றிருந்தது.

“நங்கையா, நான் உங்களைப் பத்திச் சொல்லிட்டேனுங்க.”

கண்ணாடியில் இருந்த முகம் அவளைப் பார்த்தது.

“பையர் கால்ல உங்க உடம்பு வந்து நின்னுருச்சு. அது தெரியாம நடந்தது. ஆனா அப்பறம் இந்த டாப்ஸை நானா தொறந்து காட்டுனேன். அந்த லேடி நல்லாருக்குதுன்னாங்க. ஆரோட அளவுன்னு கேட்டாங்க. உங்களைச் சொன்னேன். கேன்சருன்னும் சொன்னேன்.”

“ஆரு ஆரு இருந்தாங்க?”

“மாமா. அப்பறம்… சசியண்ணன்.”

கோகிலாவின் கை மெல்ல மேலே வந்து இடது பக்கத்தை மூடிக்கொண்டது. அது அவளை அறியாமல் நடந்தது. கட்டிலில் கிடந்த துப்பட்டாவை எடுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“அதான்” என்றாள். “மத்தியானம் வந்து சோறு போடச் சொன்னான். நான் கட்டிக் குடுத்தது எங்கடான்னா மறந்துட்டேங்கறான். தலையை நிமித்தவே இல்லை. மோர் ஊத்தட்டான்னு கேட்டேன். தட்டைப் பாத்துட்டே ‘போதுங்கண்ணி’ன்னான். எங்கப்பா திட்டிப்போட்டாராட்ட இருக்குதுன்னு நெனச்சேன். கண்ணை எங்க வெக்கறதுன்னு அவனுக்குத் தெரியலை. பெத்த பையனாட்ட சோறு போட்டு வளத்தினவன் மோனி. இனி என்னைய எப்படிப் பாப்பான்?”

கோகிலா கண்ணாடியை விட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

“அப்படி என்ன அவசரம் உனக்கு?”

“என்னையப் பாராட்டுனாங்க நங்கையா.” உலகத்திலேயே கேவலமான பதில் அதுதான் என்று சொல்லும்போதே தெரிந்தது. “பொம்மைக்காரி பொம்மைக்காரின்னே கேட்டுட்டிருந்தனா… மொதத் தடவையா ஒருத்தங்க நல்லாருக்குதுன்னாங்க. வாய்ல தானா வந்துருச்சு.”

“உன்ற பேருக்கு என்ற உடம்பா?”

மோனிஷா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“கையை எடு. அழுகாத. அழுதீன்னா நான்தான் உன்னையத் தேத்தோணும், என்னால இப்ப ஆகாது.” கோகிலாவின் குரல் உயரவே இல்லை. “அந்தப் பொம்பளை என்ற சம்மதத்தைக் கேக்கலையா?”

“கேட்டாங்க.”

“நீ?”

“இருக்குதுன்னு சொல்லிட்டேன்.”

“அப்பா என்ன சொன்னாரு?”

இதையாவது மறைக்கலாமா என்று மோனிஷா ஒரு கணம் யோசித்தாள். மறைக்கத் தனக்கு இனி என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது. “உங்ககிட்ட மெதுவாப் பேசிக்கறேன்னாரு. சாயங்காலத்துக்குள்ள ஃபைலை அனுப்பச் சொன்னாரு.”

“அனுப்பிட்டயா?”

“இல்லீங்க.”

அவள் மடியில் செல்போன் அதிர்ந்தது. திரையில் ‘மாமா’ என்று வந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடிக்க ஆரம்பித்தது. கோகிலா கையை நீட்டி அதை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

“அது அப்பறம். அதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்.”

பின்கட்டிலிருந்து ரங்காத்தாளின் குரல் கேட்டது. “ஏனாயா கோகிலா! இந்தச் சசி என்னமோ கேக்கறான் பாரு. அண்ணிக்கு அன்னிக்கு என்ன ஆபரேசன் பண்ணுனாங்கன்னு கேக்கறான். கர்ப்பப்பைன்னு சொன்னா, ‘அதானா’ன்னு திருப்பித் திருப்பிக் கேக்கறான். இரு, அங்கயே வாரேன்.”

இருவரும் கதவைப் பார்த்தார்கள்.

“நங்கையா, நான் போய் சசியண்ணன்கிட்டப் பேசறேன். தப்பா சொல்லிட்டேன், அது வேற ஆருன்னோ…”

“இன்னொரு பொய்யா? பழநி முருகன் பேரைச் சொல்லிப் பொய் சொன்னதையே இன்னும் என்னால செரிக்க முடியலை.” கோகிலா கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு துப்பட்டாவை எடுத்து மடித்துப் பக்கத்தில் வைத்தாள். “எத்தனையோ தடவை சொல்லீரலாம்னு வாயெடுத்திருக்கேன் கண்ணு. அத்தைக்கு எண்ணெய் தேச்சுவிடறப்ப. கோயில்ல. ஒரு தடவைகூட வாய் வல்லை. உனக்குத்தான் நல்லா வருதே. அங்க அந்த வெள்ளைக்காரிக்கு இங்கிலீஸ்ல சொன்னீல்ல? இங்க என்ற மாமியாளுக்குத் தமிழ்ல சொல்லு.”

“நானுங்களா?”

“நீதான். நான் இங்கயே உக்காந்திருக்கறேன். எங்கயும் போகலை.”

புடவைத் தலைப்பில் நெய்க் கையைத் துடைத்தபடி ரங்காத்தாள் உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால், நடையில், சசிகுமார் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அட, நீ எப்பச் சாமி வந்த?” என்றாள் மோனிஷாவிடம். “ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கற? என்னாச்சு?”

மோனிஷா எழுந்து நின்றாள். காலையில் அந்த வார்த்தைகள் எவ்வளவு சுலபமாக வந்தன! அவற்றில் ஒன்றைக்கூட இந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. திரும்பிக் கோகிலாவைப் பார்த்தாள். கோகிலா தலையை அசைக்கவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை.

ரங்காத்தாளின் பார்வை மருமகளின் முகத்திலிருந்து மெல்லக் கீழே இறங்கி, புது டாப்ஸின் மேல் வந்து நின்றது.

“அத்தை” என்றாள் மோனிஷா. “கொஞ்சம் உக்காருங்க. நான் சொல்றேனுங்க.”